பொறி இங்கே, அறிவு எங்கே?

சென்னையினின்று பெங்களூர்ச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் ஒரு மணிநேர அளவில் திருப்பெரும்பூதூரை அடைவர். ஊர்ப்பலகையில் அப்பெயரைக் காணமுடியாது. 'திரு'வைத் துரத்திவிட்டு வடவெழுத்தொன்று தலைமேல் ஏறி அமர்ந்திருக்கும். ஊர்ப்பெயர் மாறியவாறே ஊரும் மாறிற்று. ஏரி நீர் பாய்ந்த கழனிகள் இருந்த இடங்களில் இன்று மதிலும் முள்வேலியும் காவற்கூண்டும் நிற்கின்றன. பெயரைப் பற்றி வழக்காட இன்று நான் எழுதுகோலை எடுக்கவில்லை. பெயரிழப்பினும் ஆழமான ஓர் இழப்பு அம்மதில்களுக்குள் நாள்தோறும் நிகழ்கின்றது. அதனை நம்மவர் உணரவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் உயுண்டாய் மகிழுந்துகள் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியா வந்தது. ஒரகடத்தில் 2010-இல் இரெனோ–நிசான், 2012-இல் தைம்லர், 2013-இல் இராயல் என்பீல்டு என வரிசையாக வந்தன. இவற்றைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாகச் சார்புத் தொழிலகங்கள் காளான்போல் முளைத்தன. வேலை வந்தது, கூலி வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இப்பொறிகளின் அடிப்படை ஆய்வு எங்கு நடக்கின்றது? பெரும்பாலும் கொரியாவிலும் சப்பானிலும் பிரான்சிலும் செர்மனியிலும். முடுக்குவதும் கடைவதும் பூட்டுவதும் தமிழன் கை. எண்ணுவதும் வரைவதும் பிறன் தலை. இந்தப் பங்கீட்டை யார் வகுத்தார்? எந்த நயன்மையால் வகுத்தார்?

வந்தவர் என்றும் இருப்பாரா எனின், அதுவும் இல்லை. நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் கதவை மூடிற்று. தனித்தமிழ்த் தந்தையின் பெயர் தாங்கிய மறைமலைநகரில் போர்டு நிறுவனம் 2022-இல் மகிழுந்து ஆக்கத்தை நிறுத்திற்று. வரிச்சலுகைக்கு வந்தவன் வரிவழக்கு எழுந்தாற் போவான். சந்தைக்கு வந்தவன் சந்தை சுருங்கினாற் போவான். போகும்போது பொறியையும் பெயர்த்துச் செல்வான். பெயர்த்துச் செல்ல முடியாதது ஒன்றே ஒன்று: இம்மண்ணின் மக்கள் தலைக்குள் ஏறிய அறிவு. அதனை நாம் ஈட்டினோமா?

இங்கு என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரகடத்தை அடுத்த சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தவன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியிற் படித்தவன். பின் அரசுக் கல்லூரியில் இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவன். நிலம் கைவிட்டுப் போனதால் சார்புத் தொழிலகம் ஒன்றில் உருளைத் தண்டுகளின் தரம் பார்க்கும் வேலையில் அமர்ந்தான். சென்ற பொங்கலன்று என்னைக் காண வந்தவன், கைப்பையினின்று ஓர் இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினான்.

"ஐயா, இதைத் தடவிப் பாருங்கள்" என்றான். தடவினேன். மணலில் காற்று வரைந்த வரிபோல் அலையலையாக இருந்தது.

"கடைசல் பொறியில் கத்தியை ஓரளவுக்குமேல் ஆழமாகக் கொடுத்தால் பொறி அலறுகின்றது, ஐயா, தண்டின்மேல் இவ்வரி விழுகின்றது, தண்டு வீணாகின்றது. எங்கள் பெரியவர் ஒருவர் காதால் கேட்டே சுழல் விரைவை மாற்றிவிடுவார், அலறல் நின்றுவிடும். சில வேளை விரைவைக் கூட்டியே நிறுத்துவார். கூட்டினால் எப்படி அடங்கும்? மேற்பொறியாளரைக் கேட்டேன். 'கேள்வி கேட்கவா சம்பளம்? வேலையைப் பார்' என்றார்."

நான் தமிழாசிரியன். அவன் வினாவுக்கு எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அவ்வினாவுக்குப் பின்னால் ஒரு பேரறிவியல் நிற்கின்றது என்பதை அவனே பின்னர்த் தேடிப் படித்து எனக்கு விளக்கினான். படித்தவன் சொல்லப் படியாதவன் எழுதுகின்றேன். எளிதாக இருப்பின் அது அவன் பெருமை.

கத்தி ஒரு சுற்றில் சற்றே நடுங்கினால் தண்டின்மேல் ஓர் அலைத்தடம் விழுகின்றது. அடுத்த சுற்றில் கத்தி, தான் விட்ட தடத்தின் மேலேயே மீண்டும் வருகின்றது. மேட்டில் மிகுதியாகவும் பள்ளத்தில் குறைவாகவும் சீவ நேர்கின்றது. அதனால் விசை ஏறி இறங்குகின்றது. நடுக்கம் மேலும் வளர்கின்றது. தன் பழைய பிழையே தன்னைப் புதிதாகத் தள்ளுகின்றது. சுழல் விரைவை மாற்றினால் பழைய தடமும் புதிய நடுக்கமும் படிந்து பொருந்தும் முறை மாறுகின்றது, இரண்டும் ஒத்து நடந்தால் சீவலின் தடிமன் மாறுவதில்லை, அலறல் அடங்குகின்றது. கூட்டினாலும் அடங்கும் என்ற பெரியவரின் காதறிவுக்குக் கரணியம் இதுவே. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அலறல் தொடங்கிய ஆழத்திற்குச் சற்றே கீழ்க் குறைத்தால் அலறல் நின்றுவிடாது. நெடுந்தொலைவு பின்வாங்கினால்தான் நிற்கும். ஏறிய வழியும் இறங்கும் வழியும் வேறுவேறு! அமெரிக்கப் பொறியாளர் டெய்லர், உலோகம் சீவும் கலையைப் பற்றி 1907-இல் எழுதியபோதே, இதனைப் பணிமனையின் மிகக் கடிய புதிராகக் குறித்தார். இன்றும் இது முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாக இருக்கின்றது.

இத்தகைய இயக்கங்களை ஆராயும் துறையே ஆங்கிலத்தில் 'நான்லீனியர்' இயக்கவியல் எனப்படுகின்றது. இதற்குத் தமிழ் யாது? 'நேர்கோடற்ற' என்பார் உளர். கோட்டைப் பிடித்துக்கொண்டு கருத்தைக் கைவிட்ட பெயர்ப்பு அது. வினை இரு மடங்கானால் விளைவும் இரு மடங்காவது ஒருவகை; அவ்வாறு ஆகாதது மற்றொரு வகை. கூழுக்கு ஒரு பிடி உப்பு சுவை தரும்; ஈருபிடி உப்பு ஈருமடங்கு சுவை தருமா? கூழைக் கொட்டத்தான் வேண்டும். ஊசலைச் சிறிதாக ஆட்டினால் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஏறத்தாழ ஒரே காலம் ஆகும். உயர உயர ஆட்டினாலோ காலம் நீளும். தமிழில் 'நேர்' என்னும் சொல் கோணாமையையும் குறிக்கும். ஒப்பையும் நிகரையும் குறிக்கும். ஆகவே 'நேரிலா இயக்கவியல்' என்றால், கோடு வளைவதும் மடங்கு ஒவ்வாததும் ஒருசேரப் பெறப்படும். ஆங்கிலச் சொல் கோட்டை மட்டும் காட்ட, தமிழ்ச்சொல் பொருளையும் காட்டுகின்றது! தமிழில் அறிவியற் சொல் இல்லை என்று நா கூசாமற் கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

இத்துறையின் மற்றொரு கருத்தையும் குறிக்கவேண்டும். 1961-இல் எட்வர்டு இலோரென்சு என்னும் வானிலை அறிஞர், கணிப்பொறியில் ஓர் எண்ணை 0.506127 என்பதற்கு மாற்றாக 0.506 என்று சுருக்கி இட்டார். ஆயிரத்தில் ஒரு கூறினும் குறைந்த அவ்வேறுபாட்டால், சிறிது நேரத்தில் வானிலை முற்றிலும் வேறாக வந்து நின்றது. 1963-இல் அவர் இதனை வெளியிட்டார். இயக்கம் நெறிப்படியே நடக்கின்றது. ஆயினும் நெடுங்காலத்தை முன்கூட்டிக் கணிக்க இயலவில்லை. இதனைக் 'குழப்பம்' என்பது பிழை. நெறி உளதாதலின் அது குழப்பமன்று. 'கணிப்பருநிலை' என்பது என் முன்மொழிவு. இதனினும் நல்ல சொல்லை எவரேனும் படைத்தால் முதலில் வணங்குபவன் நானே.

இஃது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணற்க. நிறுத்துகட்டை உருளையை உரசும்போது எழும் கிறீச்சொலி, ஏவூர்தியின் எரியறையில் தீயும் ஒலியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்து எழுப்பும் பேரிரைச்சல், இரண்டும் கடைசல் பொறியின் அலறலுக்கு உடன்பிறந்தவை. நிலவுக்கு மாந்தரைச் சுமந்த சாட்டர்ன்–5 ஊர்தியின் பெரும்பொறி, இவ்விரைச்சலால் ஆய்வுக் களத்திலேயே வெடித்துச் சிதறிற்று. அதனை அடக்க அமெரிக்கர் ஆண்டுக்கணக்கில் போராடினர். இன்று இவ்விரைச்சல் எழுமுன்பே அதன் வருகையை அறிவிக்கும் அடையாளங்களைக் கண்டறியும் ஆய்வில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் சுசித் குழுவினர் உலகறியப் பணிபுரிந்து வருகின்றனர். ஒரகடத்திற்கும் கிண்டிக்கும் எவ்வளவு தொலைவு? அந்த ஒரு மணிநேர வழி ஏன் ஒரு தலைமுறை வழியாக நீண்டு கிடக்கின்றது?

தமிழ்மண் இத்துறைக்குப் புதிதன்று என்பதையும் நம் இளைஞர் அறியவேண்டும். பேராசிரியர் மு. இலக்குமணன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. எம். மேத்யூசுடன் இணைந்து 1974-இல் வெளியிட்ட ஒரு நேரிலா அலைவி, இன்று அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது. 1834-இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் உருக்குலையாமல் ஓடிய ஒற்றை அலையைக் குதிரைமேல் துரத்திச் சென்றார் சான் இசுக்காட்டு இரசல். 'தனியலை' என்னும் அக்கருத்தைக் காந்தப் பொருள்களில் இனங்கண்டு இலக்குமணன் 1977-இல் எழுதிய கட்டுரை உலக மதிப்புப் பெற்றது. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1992-இல் நேரிலா இயக்கவியலுக்கென்றே ஒரு நடுவம் அமைந்தது. அங்கிருந்து முரளியும் இலக்குமணனும், அமெரிக்கப் பேராசிரியர் சுவாவுடன் சேர்ந்து 1994-இல் ஒரு மின்சுற்றை அறிவித்தனர். கணிப்பருநிலையைக் காட்டவல்ல மிக எளிய சுற்றுகளுள் ஒன்றான அது, இம்மூவர் பெயரால் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. அதற்கு வேண்டிய உறுப்புகளைச் சென்னை இரிச்சித் தெருவில் வாங்கிவிடலாம். கோடிக்கணக்கிற் கொட்டினால்தான் உயராய்வு என்பது பொய் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

2021-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு, சிக்கலமைவுகளை ஆராய்ந்த மனாபே, ஆசல்மன், பரிசி ஆகிய மூவர்க்கும் வழங்கப்பட்டது. துறை உயர்ந்திருக்கின்றது, வாயிலும் திறந்திருக்கின்றது. அரசின் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வாளராவோர்க்கு, 2023 சனவரி முதல் திங்கள்தோறும் 37,000 உருபா. ஈராண்டு கழிந்து முதுநிலை ஆய்வாளரானால் 42,000 உருபா. ஒரகடத்து ஒப்பந்தக் கூலியை நன்கறிந்த என் மாணவனுக்கு இது புதுவாழ்வு. 2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக நல்கைக் குழு நெறிமுறைகளின்படி, பணியில் இருந்துகொண்டே, பணியிடத்தின் இசைவுச் சான்றுடன் பகுதிநேர ஆய்வாளராகவும் சேரலாம். தரமணிக் கணக்கியல் நிறுவனம், கிண்டிப் பல்கலைக்கழகங்கள், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், திருச்சிராப்பள்ளி என இடங்களும் உள. அங்ஙனமாயின் தடை யாது?

அந்தத் தகுதித் தேர்வின் வினாத்தாள் இரண்டே மொழிகளில் வருகின்றது: ஆங்கிலம், இந்தி. இயற்பியற் பகுதிக்கு மொத்தம் 200 மதிப்பெண். அவற்றுள் 30 மதிப்பெண், இயற்பியலோடு தொடர்பில்லாத பொதுத்திறன் வினாக்களுக்கு உரியன. தொடரைப் படித்து உள்வாங்கிப் புதிரை அவிழ்க்கும் வினாக்கள் அவை. வடநாட்டு இளைஞன் தன் தாய்மொழியில் அப்புதிரைப் படிக்கின்றான். தமிழிளைஞன் அயன்மொழியிற் படிக்கின்றான். இருவர்க்கும் ஒரே மூன்று மணிநேரம்! என் மாணவன் இருமுறை எழுதினான். இருமுறையும் சில மதிப்பெண்களில் தவறினான். தோல்விக்கு மொழியே முழுக் கரணியம் என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்லேன். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் காலில் மட்டும் கல்லைக் கட்டிவிட்டு, 'தோற்றது கல்லாலா, காலாலா?' என்று வினவுவது எவ்வகை அறம்?

பொறியியற் கல்லூரிகளுக்கான நடுவணரசின் நுழைவுத் தேர்வு 2021 முதல் தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் நடக்கின்றது. அங்கு இயன்றது இங்கு ஏன் இயலாது? இயலாமையன்று, மனமின்மை. இரண்டு மொழிகளுள் ஒன்றாக இந்தியை வைப்பது ஆய்வு வளர்ச்சிக்கா, அம்மொழி வளர்ச்சிக்கா என்பதனைத் தமிழர் அறியாதவரல்லர்.

'கணக்குக்கு மொழியில்லை, ஆங்கிலமே அறிவியல் மொழி' என்று நம்மவருள்ளேயே சிலர் உரைப்பர். அவர்க்கு இத்துறையின் வரலாறே விடை கூறும். கோள்களின் ஒழுங்கு எந்த அளவுக்கு நிலைக்கும் என்னும் வினாவைத் திறந்த கோல்மகோரோவின் 1954-ஆம் ஆண்டுக் கட்டுரை உருசிய மொழியில் வந்தது. அலைவுகளைப் பற்றி ஆந்திரோனோவ் குழுவினர் 1937-இல் எழுதிய பெருநூல் உருசிய மொழியில் வந்தது. பிற்பாடு அதனை ஆங்கிலர்தாம் தேடிப்பிடித்துப் பெயர்த்துக்கொண்டனர். நோபல் பரிசு பெற்ற மனாபே, 1958-இல் தோக்கியோவில் முனைவர் பட்டம் பெறும்வரை சப்பானியக் கல்வியில் வளர்ந்தவர். ஈழத்து மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 1864-இலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் பயிற்றினார். ஆங்கிலம் கற்காதே என்று யான் கூறவில்லை. உலகோடு உரையாட அது வேண்டும். வாயிலில் நின்று உள்ளே விடுபவனாக அது இருக்கவேண்டா என்கின்றேன்.

இனி, நம் குற்றத்தையும் மறையாது உரைப்போம். தமிழ்ப்பற்று என்றால் மேடையும் முழக்கமும் என்று நாம் நின்றுவிட்டோம். ஒரே நூலை நூறு பேர் ஆய்ந்து நூறு முனைவர் பட்டம் பெற்றதைத் தமிழ் வளர்ச்சி என்று எண்ணி மகிழ்ந்தோம். கடைசல் பொறியின் அலறலைப் பற்றித் தமிழில் நாற்பது பக்க நூல் ஒன்று கேட்டான் என் மாணவன். என்னால் எடுத்துக் கொடுக்க இயலவில்லை. முப்பதாண்டு தமிழ் பயிற்றியவன் தலைகுனிந்தேன். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கைதட்டினோம். அதற்கு நூல் எழுத எத்தனை பேர் அமர்ந்தோம்?

ஆகவே நாம் கேட்க வேண்டுவனவும் செய்ய வேண்டுவனவும் இவை.

ஒன்று: ஆய்வுத் தகுதித் தேர்வுகள் அனைத்தும் தமிழிலும் நடத்தப்பெறல் வேண்டும். அதுவரை, இந்திக்கு மட்டும் தனிச்சலுகை என்பதனைத் தமிழ்நாட்டு அரசும் கட்சிகளும் ஒருகுரலில் எதிர்க்க வேண்டும்.

இரண்டு: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அளிக்கப்பெறும் ஒவ்வோர் அறிவியல் ஆய்வேட்டுடனும், பொதுமக்களுக்கு விளங்குமாறு இருபது பக்கத் தமிழ்ச் சுருக்கம் இணைக்கப்பெறல் வேண்டும். பத்தாண்டில் அதுவே ஒரு நூலகமாகும்.

மூன்று: 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, வரையறுத்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் ஆதாயத்தில் இரண்டு விழுக்காட்டைக் குமுகாயப் பணிக்குச் செலவிட வேண்டும். அரசுப் பல்கலைக்கழக ஆய்வுக்கு அளிப்பதும் அதனுள் அடங்கும். பூதூர்–ஒரகடத்து நிறுவனங்கள் சுவர்க்கு வண்ணம் பூசிப் படம் எடுத்துக்கொள்வதை விடுத்து, தங்கள் பொறிகளின் புதிர்களையே பொருளாகக் கொண்டு ஆய்விடங்களை நிறுவட்டும். தம் தொழிலாளருள் தகுதியுடையார்க்குப் பகுதிநேர ஆய்வுக்கான இசைவுச் சான்றைத் தயங்காது தரட்டும்.

நான்கு: தமிழாசிரியர்களாகிய நாம், ஊரிலுள்ள இயற்பியல் ஆசிரியர் ஒருவரோடும் பணிமனைத் தொழிலாளி ஒருவரோடும் திங்களுக்கு ஒருநாள் அமர்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதவேண்டும். சொல் பிறக்கும் இடம் அகரமுதலியன்று. வேலை நடக்கும் இடம்.

என் மாணவன் மூன்றாம் முறை தேர்வெழுதப் படித்துக்கொண்டிருக்கின்றான். இரவுப் பணி முடிந்து விடியலில் வந்து, இரண்டு மணிநேரம் படித்துவிட்டுத் தூங்குகின்றான். அவ்விரும்புத் துண்டை என் மேசைமேல் விட்டுச் சென்றான். இதனை எழுதும்போதும் அதன் அலைவரியை விரலால் தடவிப் பார்க்கின்றேன். தான் விட்ட தடத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் நடுங்கிக் கெட்டது அத்தண்டு. விரைவை மாற்றத் தெரிந்தவர் இருந்திருந்தால் அது பளபளத்திருக்கும்.

தமிழினமும் தன் பழைய தடத்திலேயே நடுங்கிக்கொண்டிருப்பதா? விரைவை மாற்றுவோம்!